'வருசா வருசம் அழுவோம் கண்ணு!' - 18 ராத்திரிக் கதையும் ஏழாவது புத்தகமும்

ஏழாவது புத்தகம் மூன்று வருடமாக அவளுடைய அலமாரியில் பிரிக்கப்படாமலே கிடந்தது.

ஹாரி பாட்டர் வரிசையின் முதல் புத்தகத்தை, காங்கயத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்தவள் அவள். பாதி வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாமல், டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஐந்து முடிந்தன. கோவையில் கல்லூரி ஹாஸ்டலில் ஆறாவது. பிறகு சரவணம்பட்டியில் வேலை கிடைத்து, முதல் மாதச் சம்பளத்தில் ஏழாவதையும் வாங்கினாள். ஆனால், மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ரூம்மேட் கேட்டால் 'டைம் இல்லப்பா' என்பாள். அது பொய். படித்தால் முடிந்துவிடும், அவ்வளவுதான் காரணம்.

பந்தியில் அப்பளத்தைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைக்கும் குழந்தைகள் உண்டு. அது ஆசையில் செய்வது. இது பயத்தில் செய்வது. பத்து வருடமாகக் கூடவே வளர்ந்த மூன்று பிள்ளைகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு ரயில், ஒரு வெள்ளை ஆந்தை எல்லாம் அந்த உறைக்குள் இன்னும் முடியாமல் இருக்கிறது என்ற நிம்மதியை விட அவளுக்கு மனம் வரவில்லை.

தீபாவளி லீவில், காங்கயம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மிச்சி வீட்டில்தான் அது கடைசியில் பிரிக்கப்பட்டது. வெளியே விடாத மழை. அறுநூற்றுச் சொச்சம் பக்கங்கள் இரண்டரை நாளில் தீர்ந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்து அம்மிச்சி பதறிவிட்டார்.

"ஆருக்கு என்னாச்சு கண்ணு?"

"ஆருக்கும் ஒண்ணுமில்லீங் அம்மிச்சி. புஸ்தகம் முடிஞ்சு போச்சு."

உள்ளேயிருந்து மாமா சிரித்தார். பி.இ. முடித்துச் சம்பாதிக்கிற பெண், மந்திரவாதிக் கதைக்கு அழுகிறாளே என்று. அம்மிச்சி சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தன பேரு செத்தாங்க?" என்று கேட்டார். அவள் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஆந்தையையும் சேர்த்து. அம்மிச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இதுக்கு எதுக்கு வெக்கப்படறே? நாங்கெல்லாம் பதினெட்டாம் ராத்திரி அழுவாம வூட்டுக்கு வந்ததே கெடையாது" என்றார்.

அந்தப் பதினெட்டாம் ராத்திரி, கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டாத சங்கதி. மற்றவர்களுக்காக: அண்ணன்மார் சுவாமி கதை. குன்றுடையான் கதை என்றும் பொன்னர் - சங்கர் கதை என்றும் சொல்வார்கள். உடுக்கை அடித்து, பாட்டும் வசனமுமாக ராத்திரி ராத்திரி சொல்லப்படுவது. கொங்கு மண்ணில் காடு திருத்திக் குடியேறிய குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை அது. பிள்ளை வரம் கேட்டுச் சிவலோகம் வரைக்கும் போய்த் தவம் கிடக்கிறாள் தாமரை. அவளுக்குப் பொன்னரும் சங்கரும், தங்கை அருக்காணித் தங்காளும் பிறக்கிறார்கள். கூடவே இருந்து உயிரைக் கொடுக்கும் சாம்புவன், கொம்பன் என்ற ராட்சசக் காட்டுப்பன்றி, அதைச் சாய்க்கத் துணை வரும் பொன்னாச்சி என்ற சின்னப் பெண்நாய், வீரப்பூர்க் காட்டுக் கிளிகள்... மாயத்துக்குக் குறைவே இல்லை. இன்றைக்கு எழுதப்பட்டிருந்தால் 'ஃபேன்டஸி சீரிஸ்' என்று அட்டையில் போட்டு விற்றிருப்பார்கள்.

கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1960-களில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தவர். 1965-ல் இந்தக் கதை முழுவதையும் பாட்டுக்காரர்கள் சொல்லச் சொல்ல டேப்பில் பதிவு செய்தார். அதை வைத்து 1982-ல் 'தி த்ரீ ட்வின்ஸ்' என்ற ஆய்வு நூலை எழுதினார். 1992-ல் தமிழும் ஆங்கிலமுமாக முழுக் கதையும் சென்னையிலிருந்து இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. பிறகு 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராகவும் ஆக்கினார். நடுவில் கருணாநிதி இதை 'பொன்னர் - சங்கர்' என்று நாவலாக எழுதினார். அது 2011-ல் பிரசாந்த் நடித்துப் படமாகவும் வந்தது. படம் பார்த்தவர்கள் போர்க்களத்தை ரசித்தார்கள். அழுதவர்கள் குறைவு. ஒரே உட்காரலில் பார்த்து எழுந்து போகிற ஆட்களுக்காக எப்படி அழ வரும்? பதினெட்டு நாள் பழக வேண்டாமா?

அம்மிச்சியின் கணக்கும் அதேதான். ஊரில் கதை வைத்துவிட்டால் பகல் வேலையே வேறு மாதிரி நடக்குமாம். பொழுது சாயறதுக்குள் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டு, பால் கறந்து, சோறுண்டுபோட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். மறுநாள் களை எடுக்கும்போது காட்டில் அதே பேச்சு. 'இந்தச் சங்கரனுக்கு இத்தன கோவம் ஆவாது', 'பொன்னன் சொன்னதக் கேட்டிருந்தா இந்த வெனை வருமா' என்று, ஏதோ பங்காளி வீட்டுப் பையன்களைப் பேசுகிற மாதிரி. பத்துப் பன்னிரண்டு நாள் இப்படி ஓடிய பிறகுதான் ஆட்களுக்கு உள்ளே பிசைய ஆரம்பிக்கும்.

ஏனென்றால், முடிவு எல்லோருக்கும் தெரியும். அண்ணன்மார் இருவரும் இளம் வயதிலேயே வன்னி மரத்தடியில் விழுவார்கள். இதை மறைத்து வைத்த பாட்டுக்காரர் யாரும் இல்லை. இன்றைக்குக் கடைசி எபிசோடு வந்த காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது வாய் தவறி ஒரு வரி போட்டுவிட்டால் நட்பே முறிகிறது. முடிவு தெரிந்தால் கதை செத்துவிடும் என்பது இந்தத் தலைமுறையின் நம்பிக்கை. பேத்திக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.

"ஏனுங் அம்மிச்சி, சாவாங்கன்னு தெரிஞ்சுமா அழுவீங்க?"

"தெரியறதுனாலதான் அழுகாச்சி. அந்தப் புள்ள தாமரை வரம் வாங்கிட்டு வந்து, ஊரே சந்தோசமா இருக்கற ராத்திரியிலயே எங்கம்மா முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடைப்பா. வருசா வருசம் சாவறாங்க, வருசா வருசம் அழுவோம் கண்ணு."

கதையில் அண்ணன்மார் விழுந்ததோடு முடிந்துவிடுவதில்லை. கெட்ட கனவு கண்ட தங்காள், அண்ணன்களைத் தேடிக் காடு காடாக அலைகிறாள். உடல்களைக் கண்டுபிடித்து, தெய்வத்தின் துணையோடு எழுப்புகிறாள். அவர்கள் கண் திறக்கிறார்கள். தங்கையோடு பேசுகிறார்கள். ஆனால், கொஞ்ச நேரத்துக்குத்தான். மறுபடி போய்விடுகிறார்கள்.

இதைச் சடங்காகவே செய்கிற ஊர்கள் இன்றும் உண்டு. படுகளம் என்று பெயர். பாட்டு போர்க்களத்துக்கு வரும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் ஆட்கள் அருள் வந்து ஒவ்வொருவராகச் சாய்வார்கள். விழுந்தவர்களைக் கிடத்தி வைத்துக்கொண்டு வீட்டுக்காரர்கள் பக்கத்தில் காத்திருப்பார்கள். பிறகு தங்காளாக நிற்பவர் தீர்த்தம் தெளித்து எழுப்ப வேண்டும். மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு, அந்தக் கூட்டமும் அழுகையும் தெரியும். அழுகிறவரைப் பார்த்து, 'இது கதைதானே' என்று சமாதானம் சொல்ல அங்கே ஒருவரும் வருவதில்லை.

ஏழாவது புத்தகத்தை மூடிய பெண்ணுக்கு இல்லாமல் போனது இதுதான். அவள் தனியாக ஆரம்பித்து, தனியாக முடித்தாள். 1956-ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், டி.வி-யில் தினமும் பார்க்கும் முகங்களோடு நேயர்களுக்கு ஏற்படும் ஒருபக்க உறவைப் பற்றி எழுதினார்கள். 'பாராசோஷியல்' என்ற சொல் அங்கிருந்து வந்தது. பிற்பாடு கதாபாத்திரங்களுக்கும் அதையே பயன்படுத்த ஆரம்பித்தார்கள். பெயர் வைத்ததில் தப்பில்லை. ஆனால், பெயர் வைத்துவிட்டால் அது ஏதோ நோய் மாதிரி ஆகிவிடுகிறது. காட்டில் களை எடுத்துக்கொண்டே சங்கரனின் கோபத்துக்கு விசனப்பட்ட பெண்களுக்கு அப்படியொரு சொல் தேவைப்பட்டிருக்காது.

பத்திரிகைத் தொடர்கதைக் காலத்திலாவது துக்கத்துக்குத் துணை இருந்தது. 1950 அக்டோபரில் கல்கி வார இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்', மூன்றரை வருடம் ஓடி 1954 மே மாதம் முடிந்தது. வாரா வாரம் தபால்காரருக்காகவும் ரயிலில் வரும் புத்தகக் கட்டுக்காகவும் காத்திருந்த வீடுகளில் திடீரென்று ஒரு கிழமை காலியானது. கதை சட்டென்று முடிந்துவிட்டது, இன்னும் எத்தனையோ பேருக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். கல்கி அதற்கு முடிவுரை ஒன்று எழுதினார். பாத்திரங்களின் பின்னாளைய கதையை அதில் சொன்னார். அதே வருடம் டிசம்பர் 5-ம் தேதி அவரே காலமாகிவிட்டார். பைண்டு செய்து பரணில் போட்ட அந்த இதழ்களை வருடத்துக்கு ஒருமுறை இறக்கிப் படித்த குடும்பங்கள் எத்தனையோ.

ஹாரி பாட்டரின் கடைசிப் புத்தகம் 2007 ஜூலை 21-ல் வெளியானது. லண்டனில் நள்ளிரவு தாண்டியதும் விற்பனை என்பதால், இங்கே அது விடியற்காலை நாலரை மணி. அதிலும் ஒரு கடைசி அத்தியாயம் உண்டு. பத்தொன்பது வருடம் கழித்து, வளர்ந்து பெற்றோராகிவிட்ட அதே மூவரை ரயில் நிலையத்தில் இன்னொரு தடவை காட்டுகிறார் ஜே.கே.ரௌலிங். தேவையில்லாத அத்தியாயம் என்று விமர்சித்தவர்கள் நிறைய. இலக்கிய நியாயம் அவர்கள் பக்கம் இருக்கலாம். ஆனால், அந்த நாலைந்து பக்கத்தைப் பேத்தி சொல்லச் சொல்லக் கேட்ட அம்மிச்சி, "அட, அங்கயும் எழுப்பி உட்டாங்களா!" என்றார்.

முடியாமலே போய்க்கொண்டிருந்தால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் தமிழில் உதாரணம் இருக்கிறது. 1960-ல் தினத்தந்தியில் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதை தலைமுறைகளைத் தாண்டி ஓடியது. இழுத்துக்கொண்டே போகிற எதையும் 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்கிற அளவுக்கு அது பேச்சுமொழியில் கலந்துவிட்டது. டீக்கடையில் பேப்பரைப் பிரித்ததும் அதைத் தேடியவர்கள் ஏராளம். ஆனால், சிந்துபாத்துக்காகத் திண்ணையில் உட்கார்ந்து யாரும் அழுததாகத் தெரியவில்லை.

கதை மாந்தர்கள் போன பிறகு அவர்களைப் போய்ப் பார்க்க ஓர் இடம் வேண்டும் போலிருக்கிறது. லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில், சுவருக்குள் பாதி புதைந்த தள்ளுவண்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். கதையில் மந்திரப் பள்ளிக்கு ரயில் கிளம்பும் ஒன்பதே முக்காலாம் பிளாட்பாரம் அது. அங்கே வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் சுவருக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று தெரியும். கொங்கு நாட்டில் அந்தக் கஷ்டமில்லை. பொன்னரும் சங்கரும் தங்காளும் சாம்புவனும் கோயில் கொண்டு நிற்கிறார்கள். காட்டுக்குப் போகிற வழியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம். செத்துப்போனவர்கள்தான், ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை.

இப்போது அவள் மாதம் இரண்டு முறையாவது ஊருக்குப் போகிறாள். மாமா மகன் இரண்டாம் வகுப்பு. அவனுக்கு முதல் புத்தகத்தைத் தமிழில், தனக்கு வந்த மாதிரி, தினம் ஓர் அத்தியாயமாகச் சொல்கிறாள். அம்மிச்சியும் வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பையனுக்குப் பிடித்தது ஆந்தைதான். 'அது கடைசி வரைக்கும் இருக்குமா?' என்று ஒரு ராத்திரி கேட்டபோது அவளுக்குத் தொண்டை அடைத்தது. அம்மிச்சிதான் குறுக்கே புகுந்து, "கதைய நிறுத்தாத கண்ணு" என்றார்.

பதினெட்டு ராத்திரி உட்கார்ந்து கேட்க இப்போது ஊர்களில் ஆள் இல்லை. பல இடங்களில் ஒரே ராத்திரிக்குச் சுருக்கிவிட்டார்கள். உடுக்கை எடுக்கும் இளைஞர்களும் குறைவு. அம்மிச்சிக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அவர் அடிக்கடி சொல்வது வேறு ஒன்றை. கடைசி ராத்திரி முடிந்து, ஊர் அழுது ஓய்ந்து, விடிந்ததும் பாட்டுக்காரர்களுக்குச் சோறு போட்டு, வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து அனுப்புவார்களாம். அவர்கள் உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டு இட்டேரி வழியாக நடந்துபோவதைச் சிறுபெண்ணாக வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார். அடுத்த ஊரில் அன்றைக்குத்தான் முதல் ராத்திரி. அங்கே பொன்னரும் சங்கரும் இன்னும் பிறக்கவே இல்லை.