ஹம்பர் ஆற்றங்கரையில் ஒரு ஞாயிறு

தொழிற்சாலை, வீடு, நித்திரை. ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருடமாக எங்களுக்கு வேறொன்றும் தெரியாது. போன புரட்டாதியில் ஒரு ஞாயிறு, அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஹம்பர் ஆற்றங்கரைக்குப் போனோம். ஓல்ட் மில் சுரங்க ரயில் நிலையத்திற்குக் கிட்டத்தான்.

தார் போட்ட பாதை. அம்மாவின் சக்கர நாற்காலி எங்கும் இடறவில்லை. வலப்பக்கமாக நடக்க வேண்டும். சைக்கிள்காரர் மணியடித்து இடப்பக்கத்தால் கடந்து போவார்கள். காசு கேட்பாரில்லை, எங்கே போகிறீர்கள் என்று மறிப்பாருமில்லை.

1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி வெள்ளம் இவ்வாற்றங்கரையின் ரேமோர் வீதியில் மட்டும் 35 உயிர்களைக் கொண்டுபோனதாம். அதன்பிறகுதான் வெள்ளம் ஏறும் நிலத்தில் வீடு கட்டவிடாமல் பூங்காக்களாக்கினார்கள்.

சிறு அணைக்கட்டில் பெரிய சமன் மீன்கள் துள்ளின. ஒன்ராறியோ ஏரியிலிருந்து முட்டையிட, ஆற்றை எதிர்த்து ஏறுகின்றன. விழுந்து, மறுபடியும் துள்ளின. கரையில் நாரையொன்று அசையாமல் நின்றது.

"பாவம், ஊருக்குப் போகுதுகள்" என்றா அம்மா. எங்கள் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

புதிதாக வந்திருப்பவர்களே, குளிர் இறுகமுன் பிள்ளைகளோடு ஒருக்கால் போய்வாருங்கள். வயதானவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.