குன்றிமணியில் பாதி எடை

வயோமிங் மாநிலத்தின் வடகிழக்கில், கில்லெட் நகரைத் தாண்டிய சமவெளியில், மே மாதத்திலும் விடியற்காலைக் குளிர் பல்லைக் கிட்ட வைக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பேருக்குக்கூட ஒரு மரம் இல்லை. சேஜ் புதர்களின் காரமான வாசனை மூக்கில் ஏறுகிறது. என் நண்பனின் மாமனார் இங்கே மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். அவருடைய புல்வெளி முழுக்கப் பிரேரி நாய்களின் வளைகள். அணில் இனம்தான், ஆனால் வளைமேட்டில் நிமிர்ந்து நின்று குரைக்கின்றனவே, அடேயப்பா! மாட்டுக்கான புல்லை இவை மொட்டையடித்துவிடுவதால் பண்ணைக்காரர்கள் துப்பாக்கி எடுக்கிறார்கள்.

அந்தத் துப்பாக்கிக்கான தோட்டாவை மனிதர் கடையில் வாங்குவதில்லை, தாமே செய்கிறார்! நம் ஊரில் ஒரு தோட்டா வாங்குவதற்கே உரிமமும் கணக்கும் வேண்டும். இங்கே டிராக்டர் கொட்டகையின் மூலையில், காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் நடக்கிறது அந்த வேலை. ஏற்கனவே சுட்ட பித்தளைக் கூட்டை அச்சில் வைத்து நெம்புகோலை அழுத்தினார். விரிந்திருந்த கூடு பழைய அளவுக்குச் சுருங்கியது. மருந்தைப் பற்றவைத்துத் தீர்ந்துபோன பிரைமர் டிக்கென்று கீழே விழுந்தது. புதிய பிரைமரைப் பொருத்தியதும் தராசை இழுத்துக்கொண்டார். ஒரு சிறு குழாயை விரலால் உருட்ட உருட்ட, கறுநிற வெடிமருந்துத் துணுக்குகள் ஒவ்வொன்றாகத் தட்டில் உதிர்ந்தன. அளவு கிரெயின் கணக்கில். 7000 கிரெயின் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. நம் குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதிதான் ஒரு கிரெயின். அதிலும் பத்தில் ஒரு பங்கைப் பார்க்கிறார்! எங்கள் தெருப் பத்தர் மூச்சடக்கித் தங்கம் நிறுக்கும்போது இருக்குமே, அதே முகம்.

எந்தத் தோட்டா சரி என்பதை முதலில் தீர்மானிப்பது துப்பாக்கிதானாம். அவருடையது .22-250, ரெமிங்டன் நிறுவனம் 1965-இல் கடைக்குக் கொண்டுவந்த ரகம். குழலுக்குள் வெட்டிய புரி 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. அந்தச் சுழற்சிக்கு 55 கிரெயின் எடையுள்ள குட்டைக் குண்டு ஒழுங்காகப் பறக்கும். நீளமான கனத்த குண்டு தடுமாறும். மருந்தைக் கையேட்டில் உள்ள குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறார். உச்ச வரம்பை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டுவதில்லை. பிரைமர் தட்டையாகிவிட்டதா, குழலின் பின்புறத்தை மூடும் போல்ட் இறுகுகிறதா என்று ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் பார்க்கிறார்.

வெயில் ஏறியதும் 100 கஜத்தில் காகிதம் கட்டினோம். ஒவ்வொரு மருந்தளவிலும் ஐந்து வெடி. நடுநடுவே குழல் ஆறும்வரை நீண்ட காத்திருப்பு. மருந்து கூடிய வேகமான தோட்டாதான் வெல்லும் என்று நினைத்திருந்தேன். அதுவோ காகிதமெங்கும் சிதறியது! நடுத்தர அளவின் ஐந்து துளைகளும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடந்தன. கால் டாலர் நாணயத்தை வைத்தால் மொத்தமும் மறைந்தது. அதே குண்டு, அதே கூடு, மருந்தில் மட்டும் இம்மி வித்தியாசம்!

இந்தப் பாடெல்லாம் எதற்கு என்பது கணக்குப் போட்டதும் விளங்கியது. நிமிர்ந்து நிற்கும் பிரேரி நாயின் அகலம் சுமார் மூன்று அங்குலம். 100 கஜத்தில் அரை அங்குலச் சிதறல் 300 கஜத்தில் ஒன்றரை அங்குலமாகும். 100 கஜத்திலேயே அது ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று விரிந்தாலோ, காயம்பட்ட பிராணி வளைக்குள் போய் வேதனையில் சாகும். அந்த வேதனையைத் தரக்கூடாது என்பதற்காகத்தான் விடியலிலிருந்து இவ்வளவு பாடு. காகிதத்தில் சோதிக்காத தோட்டாவோடு ஓர் உயிரைக் குறிவைக்க யாருக்கும் உரிமையில்லை என்றே எனக்கும் படுகிறது.

மதியத்துக்குமேல் காற்று கிளம்பிப் புல்லைச் சாய்த்தது. தூரத்து வளைகளை அவர் விட்டுவிட்டார். மேற்கு மூலைப் பக்கம் துப்பாக்கியே திரும்பவில்லை. பைனாகுலரில் பார்த்தால், கைவிட்ட வளையொன்றின் வாசலில் நெட்டைக் கால்களோடு ஓர் ஆந்தை, பட்டப்பகலில்! பிரேரி நாய்களையே நம்பி வாழும் கறுப்புக்கால் ஃபெரெட் பூண்டோடு அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, 1981-இல் இதே மாநிலத்தின் மீட்டீட்சி ஊருக்கு அருகே ஒரு பண்ணை நாய் கவ்விவந்த உடலால் மீண்டும் தெரியவந்த கதையை அப்போதுதான் சொன்னார். வளைகள் முழுக்க ஒழிவதில் அவருக்கும் விருப்பமில்லை.

இரவு கொட்டகையில் அன்றைய துளைகளை அளந்து நோட்டில் எழுதினார். அடுத்து குண்டை இன்னும் கொஞ்சம் வெளியே நிறுத்தி, புரிக்கு நெருக்கமாக வைத்துப் பார்க்கப்போகிறாராம். தராசுப் பக்கம் நான் உட்காரட்டுமா என்று கேட்டேன். பாதுகாப்புக் கண்ணாடியை என் பக்கம் நகர்த்தினார்.