வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழி

பெரம்பலூர்ச் சின்ன வெங்காயப் பட்டறைக்கும் ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புக்கும்கூட கேமரா வந்துவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அதைப் பொருத்துவதே அங்கிருந்து பார்க்கத்தான். செட்டிகுளம் பக்கம் சித்தப்பா வீட்டில் அதற்கு வழி செய்ய ரவுட்டரைத் திறந்தேன்.

வீட்டுக்குள் போன், டிவி, கேமராப் பெட்டி எல்லாவற்றுக்கும் ரவுட்டர் தருவது 192.168 என்று தொடங்கும் உள்முகவரி. உள்ளேயிருந்து ஒருவர் கேட்டு வரும் பதிலை அவரிடம் சேர்க்கும்; கேட்காமல் வருவதைத் தள்ளிவிடும். 'இந்தப் போர்ட்டுக்கு வந்தால் கேமராப் பெட்டிக்கு அனுப்பு' என்று எழுதி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். பெட்டியின் உள்முகவரி மாறாதபடி நிறுத்திவிட்டு அதையும் எழுதினேன்.

துபாயிலிருந்து சித்தப்பா மகனான தம்பி, "ஒண்ணும் தெரியலண்ணே" என்றான். ரவுட்டரின் வெளிமுகவரி 100.72 என்று தொடங்கியது. காரணம் அங்கேதான் இருந்தது. 100.64 முதல் 100.127 வரையான முகவரிகள், இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் புழங்கிக்கொள்ள 2012இல் ஒதுக்கப்பட்டவை. பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதனால் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். அந்த முகவரியில் போர்ட் திறக்கும் அதிகாரம் நமக்கில்லை.

"மாசாமாசம் பணம் கட்டுறோமே, நமக்குன்னு ஒரு நம்பர் கெடையாதா?" என்றார் சித்தப்பா. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தனி முகவரிக்குக் கூடுதல் பணம். இல்லையென்றால் கேமராக் கம்பெனியின் சர்வர் வழியாகப் பார்க்க வேண்டும். நம் வீட்டு வாசலைப் பார்க்க மூன்றாம் ஆள் தயவு எதற்கு? புதிய முறையான, 128 பிட் கொண்ட ஐபிவி6 முகவரி வீடு வீடாக ஒழுங்காகச் சேர்ந்தால் இந்தப் பஞ்சமே இராது. ஊர்க்காரர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சித்தப்பா பணம் கட்டித் தனி முகவரி வாங்கினார். ஆனாலும் கேமராவின் போர்ட்டை நான் திறக்கவில்லை. ஆலையில் வைத்த கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் மிராய் என்ற தீநிரல் பிடித்துக்கொண்டு, 2016 அக்டோபர் 21 அன்று, தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டின் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டரே பலருக்குத் திறக்கவில்லை. சித்தப்பா வீட்டுக் கேமராவும் அப்படிச் சிக்கலாம். கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, ரவுட்டரிலேயே வயர்கார்டு என்ற விபிஎன் (சாவி உள்ளவர் மட்டும் நுழையும் தனிவழி) அமைத்து அதற்கு ஒரே ஒரு போர்ட் விட்டேன். சாவி தம்பியின் போனில் இருக்கிறது. அது இல்லாதவர் தட்டினால் ரவுட்டர் பதிலே சொல்லாது.