திரைக்குப் பின்னால்

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கரையைக் கடந்ததிலிருந்தே கடலூர்க்காரர்களுக்குக் கரண்ட் மேல் நம்பிக்கை கொஞ்சம் கம்மி. அதனால், கரண்ட் வந்ததும் என் கம்ப்யூட்டர் தானே எழுந்துகொள்ளும்படி செட் பண்ணியிருந்தேன். லினக்ஸில் ஆட்டோ லாகின் வேறு. பாஸ்வேர்ட் கேட்காமல் உள்ளே போய், பழைய போட்டோக்களைச் சென்னையில் இருக்கும் மகளுக்கு அனுப்பும் வேலையை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

போன வருஷம் ஒரு நாள் சிதம்பரம் போயிருந்தேன். நான் இல்லாத நேரத்தில் கரண்ட் போய், வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்து, டெஸ்க்டாப்பைக் கடைவிரித்துக் காட்டியிருக்கிறது. அதில் 'பயாப்ஸி' என்று ஒரு ஃபைல். நாலு நாளாக மனைவியிடம் நான் மறைத்தது.

திரும்பி வந்தபோது அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?" அவ்வளவுதான். நடராஜர் கோயில் விபூதியை நீட்டிய கை அப்படியே நின்றது.

பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு டாக்டர் சொல்லிவிட்டார். நான் பயந்தது வேறு. டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் அதைப் பார்த்திருந்தால்?

உங்களுக்கும் இந்தத் தேவை இருந்தால், வழி சுலபம். ஆட்டோ லாகின் இருக்கட்டும். லாகின் ஆனதும் தானாக ஓடும் புரோகிராம்களின் பட்டியலில் 'லாகின்சிடிஎல் லாக்-செஷன்' என்ற கட்டளையையும் சேர்த்துவிடுங்கள். உள்ளே வேலை நடக்கும், வெளியே பூட்டு தொங்கும். பழைய கேடிஇ-யில் இதற்கென்றே ஒரு டிக் இருந்தது.

சிதம்பர ரகசியம் மாதிரிதான். விளக்கு எரிகிறது, பூஜை நடக்கிறது, முன்னால் ஒரு திரை.

ஆனால் திரை என்பது திரைதான், இரும்புக் கதவு அல்ல. பூட்டு விழுமுன் ஓரிரு விநாடி டெஸ்க்டாப் கண்ணில் பட்டு மறையலாம். டிஸ்க்கையே கழற்றிக்கொண்டு போகிறவனை இது தடுக்காது. அதற்கு டிஸ்க்கை என்கிரிப்ட் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் பொதுவாக ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் எழும்போதே பாஸ்வேர்ட் கேட்கும். தானாக எழுந்து வேலை பார்க்கும் சௌகரியம் போச்சு. இரண்டில் எது வேண்டும் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

நான் திரையோடு நிறுத்திக்கொண்டேன். பாஸ்வேர்டை அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒரு தடவைகூட அதை டைப் அடித்துப் பார்க்கவில்லை.