தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவே

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணியில் எங்களைப் போன்ற பேண்டு செட்டுக்கு ஆள் பற்றாது. கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு நகரி, புத்தூர் பக்கத்திலிருந்துகூடப் பையன்கள் வருவார்கள். பாதிப் பேருக்குத் தெலுங்குதான் வாயில் வரும். வந்ததும் சினிமாப் பாட்டை வேகமாக ஊதிக் காட்டத் துடிப்பார்கள். நான் மாயாமாளவகௌளை ஆரோகணத்தை நிதானமாக ஊதச் சொல்வேன்.

“அது சரளி வரிசை ராகமாச்சே அண்ணா!”

ஆமாம் தம்பி, அதேதான். இந்த மலையில் முருகன் வாயில் கற்கண்டு போட, முத்துசுவாமி தீட்சிதர் பாடிய முதல் கிருதி ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்பார்கள். அதுவும் மாயாமாளவகௌளைதான். ஆனால் ஊர்ப்பெருமைக்காக நான் அதைக் கேட்பதில்லை (கொஞ்சம் அதுவும் உண்டு). கிளாரினெட்டின் குணம் முழுதும் அந்த எட்டு ஸ்வரத்துக்குள் அகப்பட்டுவிடும்.

புல்லாங்குழலில் அதே விரலோடு காற்றை இறுக்கினால் ச மேல் ச ஆகும். கிளாரினெட் ஒரு முனை மூடிய நேர்க்குழாய் போல நடந்துகொள்ளும் கருவி. ச பிடித்த விரலோடு பின்பக்க ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் மேல் ப பேசும். ஆக, கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் இடையே ஒரு பள்ளம் விழுகிறது. இடது கட்டைவிரலும் மூன்று விரல்களும் மூடிய இடத்தை ச என்று வைத்தால், ப வரும்போது விரல் எல்லாம் திறந்துவிடும். தைவதத்துக்குச் சுட்டுவிரலின் பக்கம் ஒரே ஒரு கீ. அடுத்த காகலி நிஷாதத்துக்கு எட்டு விரலும் ஒரே நொடியில் மூடவேண்டும். ஒன்று பிசகினாலும் கீச்சென்று கத்தும். விஷயம் தெரிந்தவன் ப ஊதும்போதே வலக்கை விரல்களைத் துளைமேல் படுக்க வைத்திருப்பான். அதைப் பார்த்தாலே எனக்குப் பாதித் தேர்வு முடிந்தது.

மீதிப் பாதி ரிஷபத்தில். சுத்த ரிஷபம் இடது சுண்டுவிரல் கீயில் இருக்கிறது. கீயைப் பாதி திறந்து குழைக்க முடியாது. அசைவு முழுவதும் உதட்டிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வரவேண்டும். ஏ.கே.சி. நடராஜன் நாகஸ்வரம் கற்றுவிட்டு கிளாரினெட்டுக்கு வந்தவர். அவர் ஊதிய கமகத்தைக் கேட்டால் கீ வைத்த கருவி என்றே தோன்றாது.

ஜாஸ் பேண்டில் சேரப் போகிறவனுக்கும் ஏறக்குறைய இதே சோதனைதான். ஸ்கேல் ஊதச் சொல்வார்கள், நோட்டுப் பார்த்து வாசிக்கச் சொல்வார்கள், பிறகு நம்முடைய கல்பனாஸ்வரம் போலச் சில சுற்று சொந்தமாக. 1924-ல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் ‘ராப்சோடி இன் ப்ளூ’ ஒத்திகையில், தனித்தனி ஸ்வரமாக எழுதியிருந்த ஏற்றத்தை கிளாரினெட்காரர் ராஸ் கோர்மன் விளையாட்டாக ஒரே வழுக்கலாக ஊதினார். கெர்ஷ்வின் அதையே வைத்துக்கொண்டார். விரலைத் துளையிலிருந்து மெல்ல உருட்டி, உதட்டைத் தளர்த்தி ஊதிய ஜாரு அது. எங்கள் செட்டில் எத்தனை பேருக்குக் கோர்மன் பெயர் தெரியும்? ஆனால் கல்யாண ஊர்வலத்தில் அந்த வழுக்கலை ஊதாத கிளாரினெட்காரன் இல்லை.

திரும்பிப் போகிற பையன்களிடம் நான் சொல்வது ரீடைப் பற்றித்தான். பெரிய வித்வான் என்று காட்ட மூன்றாம் நம்பர் ரீடை மாட்டிக்கொண்டு வருகிறார்கள், உதடு செத்துப்போகிறது. இரண்டு, மிஞ்சினால் இரண்டரை போதும். தினமும் காலையில் ஒரே ஸ்வரத்தைச் சுருதிப் பெட்டியோடு சேர்த்து, மூச்சு தீரும்வரை நீட்டட்டும்.

“பாட்டு எப்ப அண்ணா?”

நிஷாதம் கத்தாமல் வந்த மறுநாள்.