ஒற்றையில் நிற்கும் கணக்கு

ஐப்பசி மழை விழுந்து வன்னியின் செம்மண் இளகும் காலத்தில், மண்வெட்டி புரட்டும் கட்டிகளுக்கிடையே வெளிறிய மஞ்சள் உடலும் செங்கபிலத் தலையும் கொண்ட மெல்லிய பூரான்கள் நெளிந்து மறைவதுண்டு. விறகுக் கட்டில் ஒளிந்திருந்து கடிக்கும் மட்டத்தேளுக்கு அஞ்சும் கமக்காரர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. கண்ணற்ற இவ்வுயிர்கள் மண்ணிலே பொரித்து, புழுக்களையும் குடம்பிகளையும் தின்று, மண்ணிலேயே மடிவன.

நூறுகாலி என்னும் பெயர் இவ்வினத்துக்குச் சிறிதும் பொருந்தாது. நூறு கால்கள் என்றால் ஐம்பது சோடி. மட்டத்தேளுக்கு 21 சோடி. மண்பூரான்களுக்கு இனத்துக்கேற்ப 27 முதல் 191 சோடி வரை. ஊனமுற்றுப் பிறந்த ஓரிரண்டை விலக்கினால் இவை யாவும் ஒற்றை எண்களே. நாற்பத்தொன்பது உண்டு, ஐம்பத்தொன்று உண்டு. ஐம்பது மட்டும் இல்லை.

மண்பூரான்களுள் மெசிஸ்ரொகெபலிடே என்னும் குடும்பம் தனித்துக் கருதத்தக்கது. 1843இல் ஜோர்ஜ் நியூபோட் வகுத்த மெசிஸ்ரொகெபலசு என்ற சாதி இக்குடும்பத்தது, இலங்கையிலும் வாழ்வது. பிற குடும்பங்களில் ஒரே இனத்துள்ளேயே கால்களின் தொகை மாறுபடும். பெரும்பாலும் பெண்ணுக்குச் சில சோடிகள் மிகுந்திருக்கும். பிரித்தானியக் கரையோரங்களில் வாழும் ஓரினத்தில் வடக்கே செல்லச் செல்லக் கால்கள் குறைகின்றன. முளையம் வளரும் காலத்து வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. மெசிஸ்ரொகெபலசின் பெரும்பாலான இனங்களிலோ ஆணுக்கும் 49, பெண்ணுக்கும் 49. குஞ்சு முட்டையை விட்டு வெளிவரும்போதே இத்தொகை நிறைவுற்றிருக்கும், பின்னர் கூடுவதில்லை. பிலிப்பைன்சில் மட்டும் 93 முதல் 101 வரை மாறுபடும் ஓரினம் உண்டு.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. தனியன்களுக்கிடையே வேறுபாடு இருந்தாலன்றி இயற்கைத் தேர்வு தொழிற்பட இயலாது என்பது டார்வின் வழி வந்த பாடம். எல்லாத் தனியன்களுக்கும் நாற்பத்தொன்பதே எனில், வேறோர் எண்ணுடைய இனம் எவ்வாறு தோன்றியது? கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 2004இல் ஒரு பகுதி விடை அளித்தனர். முளையத்தில் உடற்துண்டங்கள் ஒவ்வொன்றாக அன்றி, இவ்விரண்டாக உருவாகின்றன. நச்சுநகத் துண்டத்தையும் சேர்த்தால் மொத்தம் இரட்டையாகிவிடும். ஆகவே ஐம்பது சோடியைத் தேர்வு விலக்கவில்லை. அது தேர்வின் முன் வைக்கப்படவே இல்லை. இது அழகிய விளக்கமே. ஆயினும் ஒரு சாதியின் இனங்கள் பல ஏன் நாற்பத்தொன்பதிலேயே நிலைத்தன என்பதற்கு இது போதாது.

இலங்கையின் பலகாலிகளைப் பற்றி உம்பேர் என்னும் ஜெனீவா அறிஞர் 1865இலேயே நூல் எழுதினார். வன்னி மண்ணை அண்மைக் காலத்தில் மிகக் கவனமாகக் கிளறியவர்கள் உயிரியலாளர் அல்லர்; முகமாலையில் விரற்கடை விரற்கடையாகக் கண்ணிவெடி தேடியவர்களே. இன்று கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும், வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமும் உள்ளன. பூரானின் கால்களை எண்ணப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு கைவில்லையும் ஒரு குப்பி மதுசாரமும் போதும். இறுதிச் சோடி நடப்பதற்கு உதவாதது; எனினும் அதனையும் சேர்த்தே எண்ணல் வேண்டும்.