'டக்'... அதோடு சரி!

கல்வராயன் மலையில் ஒரு பைக் நிற்கும் விதத்தைப் பார்த்தே, அதில் செல்ஃப் எடுக்குமா எடுக்காதா என்று சொல்லிவிடலாம். எடுக்காத வண்டியின் முன்சக்கரம் இறக்கத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். உருட்டிவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

கள்ளக்குறிச்சித் தெருவில் அந்த இறக்கத்துக்கு எங்கே போவது?

வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் அந்த ஆசிரியரின் பைக்குக்கு 15 வயது. கிக்கர் கிடையாது. அவருக்கோ வலது முட்டியில் ஆபரேஷன். தினமும் காலையில் அவர் மனைவிதான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைத் தள்ளினார். கோமுகி அணையைத் தாண்டி மலையேறிப் போய்ச் சேராவிட்டால், மேலே இரண்டு வகுப்புகளுக்கு அன்று ஆள் இல்லை. "பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற வாங்குங்கப்பா" என்று போனில் மகன். வாங்கலாம்தான். மகளின் கல்யாணக் கடன் முடியட்டும் என்று காத்திருந்தார்.

முதலில் பேட்டரியை மாற்றினார். இரண்டு நாள் எடுத்தது. மூன்றாம் நாள் மறுபடி 'டக்'. அடுத்து, "மோட்டார் போயிடுச்சு சார்" என்றார்கள். புது மோட்டார் வந்தது. அதே 'டக்'.

கச்சிராயபாளையத்தில் டிராக்டர்களுக்கு வயரிங் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கடைசியில் வண்டி போனது.

"ஹார்ன் அடிங்க சார்."

அடித்தது. பிரேக் லைட்டும் பளிச்சென்று எரிந்தது.

"கரன்ட்டு நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஆசிரியர்.

"அங்கதான் சார் எல்லாரும் ஏமாறுறாங்க."

உண்மைதான். ஹார்னும் பிரேக் லைட்டும் கேட்பது இரண்டு, மூன்று ஆம்பியர். செல்ஃப் மோட்டார் சுற்றத் தொடங்கும் நொடியில் கேட்பது 50 ஆம்பியரைச் சுற்றி இருக்கும். வழியில் எங்கோ ஒரு துருப்பிடித்த போல்ட்டில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். ஹார்னுக்கு 0.3 வோல்ட்தான் நஷ்டம். அதற்குத் தெரியவே தெரியாது. மோட்டாருக்கோ 5 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். 12 வோல்ட்டில் அது பெரிய கொள்ளை! ஒற்றையடிப் பாதையில் ஆள் நடக்கலாம், கரும்பு லாரி போகுமா?

அந்த 'டக்' ரிலேவின் சத்தம். அது கேட்டால் பட்டன், ஃப்யூஸ், நியூட்ரல் சுவிட்ச் எல்லாம் பெரும்பாலும் சரி. 'டகடகடக' என்று படபடத்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று சுற்றி இன்ஜின் அசையாமல் இருந்தால் ஒன்வே கிளட்ச் தேய்ந்திருக்கலாம். அதற்கு எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயனில்லை.

பெரியவர் மீட்டரை எடுத்தார். சும்மா நிற்கையில் பேட்டரி 12.6 வோல்ட், நல்ல பேட்டரிதான். பிறகு ஒரு முனையை மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்து, "அமுக்குங்க சார்" என்றார். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாத இடம். 4 காட்டியது. நியூட்ரலில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மைனஸிலிருந்து இன்ஜினுக்கு ஒரு தடித்த வயரை நேராகக் கொடுத்தார். முதல் அமுக்கிலேயே இன்ஜின் பிடித்தது.

எர்த் வயர்! மேலே மூட்டமும் மழையும், கீழே புழுதியுமாக 15 வருடத்தில் அதன் முனை பச்சை பூத்துக் கிடந்தது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, வயர் முனையையும் போல்ட் உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினார். வேலை அவ்வளவுதான்.

கையால் கிராங்க் சுற்றி மணிக்கட்டை முறித்துக்கொண்ட காலத்துக்கு முடிவு கட்டியது, சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி 1912-ல் காடிலாக் காரில் வந்த இந்த செல்ஃப்தான். நம் ஊரில் 1984-ல் கைனடிக் ஹோண்டா வந்தபோது, உதைக்க வேண்டியதில்லை என்பதற்காகவே பல பெண்கள் ஸ்கூட்டர் ஓட்ட முன்வந்தார்கள். இப்போது நிறைய பைக்குகளில் கிக்கரையே எடுத்துவிட்டார்கள். 15 வருடம் கழித்தும் அந்த வண்டியை ஒருவர் ஓட்டுவார் என்று நினைத்துப் பார்த்திருக்கலாம்.

கிளம்பும்போது, பையில் கிடந்த பழைய மோட்டாரைக் காட்டி, "இதை என்ன பண்றது?" என்று கேட்டார் ஆசிரியர். பெரியவர் அதைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து இரண்டு வயரை நேராகத் தொட்டார்.

உறுமிக்கொண்டு சுற்றியது.